வெட்டுக்கத்திக்கு மறுபடி தோய்ச்சல் (சூடேற்றித் தண்ணீரில் முக்கி வாயைக் கடினமாக்குவது)

தோட்ட வேலைக்கு என்று போன மாதம் திருநெல்வேலியில் ஒரு கடையில் வெட்டுக்கத்தி வாங்கினேன். அலகு ஒரு அடி, முதுகு 5 மில்லிமீட்டர், பிடியோடு 620 கிராம். லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீசிப் பார்த்ததில் கைக்கு நன்றாகவே இருந்தது.

முதல் ஞாயிறு: வேலியோரம் காய்ந்து நின்ற சீமை உடைமரத்தில் (சீமைக் கருவேலம்) இருபது வெட்டு. பிறகு கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, வெயிலுக்கு நேரே பிடித்தேன். பதமான வாயில் வெளிச்சம் தங்காது. இதில் பிடியிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரு நெல் நீளத்துக்கு வெள்ளையாக மினுங்கியது. நகத்தால் வருடினேன், ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் தட்டியது. வாய் மடிந்துவிட்டது. சூடு மிஞ்சி விறைத்த கத்தி என்றால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். இது மெத்தனம், இரும்பு மெதுவாக இருக்கிறது.

அரம் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு இழுப்பை நம்பக் கூடாது. உலையில் வெந்த மேல்தோலில் கரி (கார்பன்) குறைந்து மெதுவாகத்தான் இருக்கும். ஐந்தாறு இழுத்த பிறகும் அரம் கடித்துக்கொண்டு தூள் கொட்டியது; கடினமான வாய் என்றால் வழுக்கியிருக்கும்.

மறுவாரம்: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பட்டறை. அண்ணாச்சி முதலில் என் பேரையும் போன் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எல்லாப் பட்டறையிலும் இது வேண்டும் என்பேன். கத்தியை அடைகல்லில் (இரும்பை வைத்து அடிக்கும் கட்டை) தட்டிச் சத்தம் கேட்டார். "இரும்புல குறை இல்ல தம்பி. தோய்ச்சல்தான் ஏறல. மறுக்காப் போட்டுருவோம்."

பிடியைக் கழற்றி உலையில் வைத்தார். வெயில் பட்டால் நிறம் ஏமாற்றும் என்று ஓலைத் தட்டியை இழுத்துவிட்டார். நான் காந்தம் கொண்டுபோயிருந்தேன். 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும்; அதைத் தாண்டிக் கொஞ்சம் ஏற வேண்டும். அவர் கண்ணாலேயே அந்த இடத்தைப் பிடித்தார். எடுத்து வாயை மட்டும் தண்ணீரில் இறக்கினார், முதுகு சிவப்பாகவே நின்றது. உடனே சாணைக்கல் துண்டால் வாயோரம் தேய்த்து, நிறம் மாறுவது தெரிய வெள்ளை இரும்பு காட்டினார். முதுகுச் சூடு மெல்ல வாய்க்கு இறங்கியது. வாயில் வைக்கோல் மஞ்சள் வந்தது, அதுவும் கறுத்துத் தவிட்டு நிறமானது. அந்த நொடியில் முழுக் கத்தியும் தண்ணீருக்குள். நீலம் வரைக்கும் விட்டிருந்தால் மறுபடி மெத்தனமாகியிருக்கும்.

இந்த ஞாயிறு: தீட்டிய பிறகு அரம் வாயில் வழுக்குகிறது, முதுகில் கடிக்கிறது. எனக்கு வேண்டியது இதுதான். அதே உடைமரத்தில் நூறு வெட்டு. நுனியை மரக் கவட்டையில் மாட்டிப் பக்கவாட்டில் அழுத்தினேன், விட்டதும் நேரானது. வாயில் மினுக்கம் ஒரே இடத்தில்தான், கணுவில் பட்ட இடம், கடுகளவு. கல்லில் இரண்டு இழுப்பில் போய்விட்டது. பழைய பிடியில் பூண் (பிடியை இறுக்கும் வளையம்) ஆடுகிறது. புதுப் பிடிக்குப் பூவரசங்கட்டை ஒன்று நிழலில் காய்கிறது.