முகந்தெரியாத தரகரும் பக்கத்துத் தெரு டீலரும்

இணையத் தரகர் கார் விற்பதில்லை. இங்கிலாந்தில் புதுக் கார் வாங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். அவரிடம் ஷோரூமும் இல்லை, கையிருப்பும் இல்லை. விற்பனை இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஏதோ ஒரு டீலர், லீட்ஸிலோ பிரிஸ்டலிலோ, விலையைக் குறைத்துத் தர இணங்குகிறார். தரகர் அவரையும் நம்மையும் சேர்த்துவைத்துவிட்டு, பெரும்பாலும் டீலரிடமிருந்தே தரகுப் பணம் வாங்கிக்கொள்கிறார். பக்கத்துத் தெரு ஷோரூமில் நிற்கும் அதே கார்தான், தயாரிப்பாளரின் அதே உத்தரவாதத்தோடு வருகிறது.

இது எங்களுக்கு விளங்குவதற்குள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்து முடிந்தது. நான் மருத்துவமனைத் தாதி. விடிவதற்கு முன்பே வேலை தொடங்கும் நாட்களில் லண்டன் ஹரோவிலிருந்து பஸ் மாறிப் போவது பெரும்பாடு. இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு, இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதங்கள்தான் ஓட்டலாம்; அதன் பிறகு இந்நாட்டுப் பரீட்சையில் தேறியாக வேண்டும். அதை முடித்துவிட்டுத்தான் கார் பேச்சையே எடுத்தோம். பழையது போதும் என்றார்கள் பலர். ஆனால் பழைய காரின் பழுதைக் கண்டறியும் அறிவு எனக்கும் கணவருக்கும் கிடையாது. கியா 7 ஆண்டும் ஹூண்டாய் 5 ஆண்டும் உத்தரவாதம் தருகின்றன என்று தெரிந்ததும், புதியதுதான் என்று முடிவெடுத்தேன்.

“பிள்ளை, கடையென்றால் பிழை வந்தால் நேரே போய்க் கேட்கலாம். இணையத்தில் இருப்பவரை எங்கே போய்த் தேடுவாய்?” என்று கேட்டார் மாமா. நாற்பது ஆண்டுகளாக லண்டனில் இருப்பவர். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால் முதலில் டீலரிடமே போனோம்.

ஷோரூமில் விற்பனையாளர் என் கணவரைப் பார்த்தே பேசினார். காசு கட்டப்போவது நான், ஓட்டப்போவதும் நான் என்று சொன்ன பிறகும் அவர் பார்வை திரும்பவில்லை. கார் எவ்வளவு என்று நான் கேட்டால், “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியில் புதிதாக வந்தவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாதத் தொகையை நாம் சொல்லிவிட்டால், அதற்கேற்ப ஆண்டுகளை நீட்டியும் முன்பணத்தைக் கூட்டியும் கணக்கைப் பொருத்திவிடலாம். காரின் மொத்த விலை பேச்சிலிருந்தே மறைந்துபோகும். அவர் நீட்டிய தாளில் இருந்தது பி.சி.பி. எனப்படும் தவணைத் திட்டம். மூன்று நான்கு ஆண்டுகள் மாதாமாதம் கட்டிய பிறகும் கார் நமதாகாது. கடைசியில் ஒரு பெருந்தொகை கட்டினால்தான் நமது. இல்லையேல் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை விரும்பி எடுப்பவர்கள் எடுக்கட்டும். ஆனால் அந்தக் கடைசித் தொகை தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததை நான் விரல் வைத்துக் காட்டிக் கேட்டபோதுதான் அவர் விளக்கினார். நிறப்பூச்சுப் பாதுகாப்பு, கூடுதல் காப்புறுதி என்று அடுத்தடுத்து வந்தவற்றுக்கெல்லாம் வேண்டாம் என்றேன்.

தரகரின் தளத்தில் வேறு அனுபவம். காரின் வகை, நிறம், கியர் எல்லாம் தெரிவு செய்ததும் மொத்த விலை எழுத்தில் வந்தது. 20 சதவீத வாட் வரி, 55 பவுண்ட் பதிவுக் கட்டணம், முதலாண்டு வீதி வரி, இலக்கத் தகடு, வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செலவு எல்லாம் அடங்கிய விலை. ஆங்கிலத்தில் விரைந்து பேச வராத ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் புரியாது. ஒரு சொல்லை அகராதியில் பார்க்கலாம். இரவு முழுக்க யோசிக்கலாம். எதிரில் ஒருவர் பேனாவை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

அந்த விலையைத் தாளில் எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளூர் டீலரிடம் போனேன். அவர்கள் காரைத்தான் ஓட்டிப் பார்த்திருந்தோம். அவர்களுக்கும் ஒரு வாய்ப்புத் தருவதே முறை என்று எனக்குத் தோன்றியது. விற்பனையாளர் மேலாளரின் அறைக்குள் போய்விட்டு வந்து கொஞ்சம் குறைத்தார். அப்போதும் தரகர் விலைக்கும் அதற்கும் இருந்த இடைவெளி எங்கள் முதலாண்டுக் காப்புறுதிக் கட்டணத்துக்கு ஏறத்தாழச் சமம். ஊரில் விபத்தின்றி ஓட்டிய காலத்தை இங்கே பல காப்புறுதி நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் அது சிறிய தொகையல்ல.

“அந்தக் கார் ஏற்கெனவே வேறு பெயரில் பதிவானதாக இருக்கும்” என்றார் விற்பனையாளர். அதிலும் உண்மை உண்டு. இலக்கை எட்டுவதற்காக டீலர்கள் சில கார்களைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு பிறகு மலிவாக விற்பார்கள். மைல் கணக்கு ஏறியிராது. ஆனால் வி5சி பதிவுப் பத்திரத்தில் நாம் இரண்டாவது ஆள். உத்தரவாதமும் அந்தப் பதிவு நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். விலை அதற்கேற்பக் குறைந்தால் வாங்குவதில் தவறில்லை. தெரியாமல் வாங்கக் கூடாது. முதற் பதிவு என் பெயரில்தானா என்று தரகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, ஆம் என்ற பதிலை எழுத்தில் வாங்கினேன்.

மாமாவின் கேள்விக்கு விடை ஒப்பந்தத்தில் இருந்தது. விற்பவர் என்று அதில் இருந்தது தரகர் பெயரல்ல, யார்க்‌ஷயரில் உள்ள அங்கீகாரம் பெற்ற டீலரின் பெயர். மின்னஞ்சலில் வந்த எண்ணை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த டீலரின் எண்ணைத் தேடி எடுத்து, நானே அழைத்து ஆர்டரை உறுதி செய்தேன். முன்பணத்தைக் கடன் அட்டையில் அந்த டீலருக்கே நேரடியாகக் கட்டினேன். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளுக்கு, ஒரு பகுதியைக் கடன் அட்டையில் கட்டினாலும் அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகிறது. நடுவில் நிற்பவருக்குக் கட்டினால் இந்தப் பாதுகாப்புச் சிக்கலாகிவிடலாம். ஆகவே தரகர் தன் கணக்கில் முன்பணம் கேட்டால் விலகிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

நேரில் போகாமல் தொலைவிலிருந்து வாங்கும்போது இன்னொரு உரிமையும் சேர்கிறது. 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, கார் கைக்கு வந்த பின் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். நம் தேவைக்கென்று தனியாகச் செய்வித்த பொருளுக்கு இது பொருந்தாது. ஷோரூமில் உட்கார்ந்து கையெழுத்திட்டு வாங்கியவருக்கும் இல்லை. மாமா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கார் பாரவண்டியில் ஏறி வந்தது. அப்படித்தான் வர வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். இல்லையென்றால் ஒருவர் ஓட்டியே கொண்டுவருவார், புதுக் காரில் இருநூறு மைல் ஏறியிருக்கும். கொண்டுவந்தவர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் தெரியும் அடிச்சட்ட எண்ணை, விற்பனைச் சீட்டில் இருந்த எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டோம். கதவு விளிம்புகளைக் கையால் தடவிப் பார்த்தோம். பின்பக்க பம்பரில் நகத்தளவு கீறல் ஒன்று இருந்தது. அதைத் தாளில் எழுதி, படம் எடுத்த பிறகே கையெழுத்திட்டேன். அந்த டீலர் மறுக்கவில்லை. வீட்டு வாசலுக்கே ஆளை அனுப்பிச் சரிசெய்து கொடுத்தார்.

பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்குபவருக்கு உள்ளூர் டீலரே வசதி என்று நினைக்கிறேன். இரண்டு கணக்கையும் ஓரிடத்தில் முடிக்கலாம். மார்ச் 1, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் இலக்கத் தகட்டின் ஆண்டு எண் மாறும். அந்த மாதங்கள் டீலர்களின் காலாண்டு முடிவும் கூட. பேரம் பேச அந்த மாதக் கடைசி நல்ல காலம். 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் கார் என்றால், தள்ளுபடியில் அதைவிடக் குறைவாக வாங்கினாலும் மேலதிக வீதி வரி உண்டு. அங்கே பார்க்கப்படுவது தயாரிப்பாளர் அறிவிக்கும் பட்டியல் விலைதான்.

சர்வீசுக்கு அந்த உள்ளூர் டீலரிடமே காரை விடுகிறேன். எங்கே வாங்கியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தயாரிப்பாளரின் உத்தரவாதம் நாடு முழுவதும் அங்கீகாரம் பெற்ற டீலர்களிடம் செல்லும். இப்போது வாகனம் தேடும் மாமாவின் மகளுக்கு, ஒப்பந்தத்தில் எந்த வரியில் விற்பவரின் பெயர் இருக்கும் என்பதை மாமாவே சுட்டிக் காட்டுகிறார்.