ஈஈஈ படித்துவிட்டு ஆடியோ டிஎஸ்பி வேலைக்குள் போன கதை

அமெரிக்காவில் எம்எஸ் சேர்ந்திருக்கும் ஜூனியர்கள் சிலர், ஆடியோ சிக்னல் பிராசஸிங்கில் (ஒலியை எண்களாக்கிக் கணக்குப் போட்டுச் சீர்செய்வது) வேலை கிடைக்குமா, இல்லை கடைசியில் எல்லோரையும் போல சாஃப்ட்வேர் இன்டர்வியூவுக்குத்தான் படிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். கிடைக்கும். நான் தமிழ்நாட்டில் ஈஈஈ (மின், மின்னணுப் பொறியியல்) முடித்துவிட்டு, எம்எஸ்ஸில் சிக்னல் பிராசஸிங் எடுத்து, இன்று அந்த வேலையில்தான் இருக்கிறேன். போன வழியைச் சொல்கிறேன்.

வேலை தேடும்போது 'ஆடியோ இன்ஜினியர்' என்று மட்டும் போட்டால் ஸ்டூடியோ, மேடை ஒலி அமைப்பு வேலைகள்தான் வரிசையாக வரும். 'டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங்) இன்ஜினியர்', 'ஆடியோ அல்காரிதம்', 'எம்பெடட் ஆடியோ' என்று தேட வேண்டும். ஹெட்செட், ஹியரிங் எய்ட், கார், மீட்டிங் ரூம் ஸ்பீக்கர் என்று மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து இருக்கிற எல்லா இடத்திலும் இந்த வேலை உண்டு. நான் விண்ணப்பித்த இடங்களில் இசை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. சொந்தமாகச் செய்து ஓடவிட்ட ஒன்றைக் காட்டு என்றார்கள்.

நான் காட்டியது ஒரு எக்கோ கேன்சலர். ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை. எதிர்முனையில் பேசுபவரின் குரல் நம் ஸ்பீக்கரில் வந்து, சுவரிலும் மேசையிலும் பட்டு, நம் மைக்கில் நுழைந்து அவருக்கே திரும்பிப் போகிறது. அதை மட்டும் கழித்துவிட்டு நம் குரலை விட்டுவைக்க வேண்டும். பிழையைப் பார்த்து ஃபில்டர் தன் எண்களைத் தானே திருத்திக் கற்றுக்கொள்ள 1960இல் விட்ரோவும் ஹாஃபும் கொடுத்த எல்எம்எஸ் முறைதான் அடித்தளம், வகுப்பில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். உட்கார்ந்து எழுதினால்தான் பிரச்சினை தெரியும். 16 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 16,000 முறை அளந்தால் (ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்), 200 மில்லிசெகண்ட் எதிரொலியைப் பிடிக்க 3,200 டேப் (பெருக்கும் எண்கள்) உள்ள ஃபில்டர் வேண்டும், ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஃபில்டர் செய்ய 3,200 பெருக்கல், அப்புறம் அந்த எண்களைத் திருத்த இன்னொரு 3,200, ஆக நொடிக்கு பத்து கோடிக்கு மேல் போய்விடுகிறது. அதனால் சாம்பிள்களைப் பிளாக் பிளாக்காக எடுத்து எஃப்எஃப்டியில் (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் வேகமான கணக்கு) செய்கிறோம். பிளாக் பெரிதானால் தாமதம் வரும், தாமதத்தைக் குறைக்க ஃபில்டரையே சின்னச் சின்னப் பகுதிகளாக வெட்ட வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் ஃபில்டர் நம் குரலையும் பிழை என்று எடுத்துக்கொண்டு, அதுவரை கற்றதையெல்லாம் கெடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தைக் கண்டுபிடித்துக் கற்பதை நிறுத்த வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுவும், கடிகாரப் பிரச்சினையும்தான். மைக் ஒரு யுஎஸ்பி சாதனம், ஸ்பீக்கர் வேறொன்று என்றால் இரண்டின் கடிகாரமும் சரியாகப் பொருந்தாது. பத்து லட்சத்தில் 100 பங்கு வித்தியாசம் இருந்தாலே அதே 16 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு 1.6 சாம்பிள் நழுவும், ஒரு நிமிடத்தில் 96 சாம்பிள். கணினியில் மேட்லாப் மென்பொருளில் அழகாக வேலை செய்தது மேசைமேல் வைத்ததும் சொதப்புவதற்கு இது ஒரு பெரிய காரணம். மைக்ரோசாஃப்ட் 2021 ஐகாஸ்ப் என்ற சிக்னல் பிராசஸிங் மாநாட்டுக்காக நடத்திய எக்கோ கேன்சலேஷன் போட்டியின் ஒலிப்பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. நிஜமான அறைகளில், நிஜமான சாதனங்களில் பதிந்தவையும் அதில் உண்டு. கட்டாயம் அதில் ஓட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் பைத்தானோடு விட்டுவிடாமல் சி மொழியில் நேரலையாக ஓடும்படி எழுதுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பிளாக் என்றால் ஒரு பிளாக்கை முடிக்க உங்களுக்குக் கிடைப்பது 2.67 மில்லிசெகண்ட். ஒவ்வொரு பிளாக்குக்கும் சிஸ்டம் அழைக்கும் ஆடியோ கால்பேக் ஃபங்ஷனுக்குள் மெமரி ஒதுக்கக் கூடாது, லாக் போடக் கூடாது, ஃபைலில் எழுதக் கூடாது. ஏன் என்று அனுபவித்துச் சொல்லத் தெரிந்தவரை இன்டர்வியூவில் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

இன்டர்வியூ கேள்விகள் எளிமையாகத்தான் இருக்கும், ஆழம் தோண்டுவார்கள். பின்னங்களை 16 பிட் முழு எண்ணாக வைக்கும் க்யூ15 முறையில் மைனஸ் ஒன்றை மைனஸ் ஒன்றால் பெருக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். விடை பிளஸ் ஒன்று, ஆனால் அதைக் குறிக்க 32768 வேண்டும், 16 பிட்டில் அதிகபட்சம் 32767தான், பிளஸ் ஒன்றுக்கு இடமே இல்லை, அதனால் சாச்சுரேட் செய்ய வேண்டும், அதாவது 32767லேயே நிறுத்த வேண்டும். இரண்டு எஃப்எஃப்டியைப் பெருக்கினால் கிடைப்பது சர்குலர் கன்வல்யூஷன் (விடையின் வால் சுற்றி வந்து தொடக்கத்தில் கலந்துவிடும்), அதை லீனியராக்க எவ்வளவு சுழியம் சேர்க்க வேண்டும் என்பதும் திரும்பத் திரும்ப வந்தது. ஓர் இடத்தில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு என்ன கோளாறு என்று கேட்டார்கள். பிளாக் எல்லையில் டிக் டிக் என்று கேட்டது, சொன்னேன். காதால் கேட்டுப் பழகாமல் வரைபடத்தை மட்டும் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஈஈஈ படித்தது வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் தெரிந்தவருக்குப் பொதுக்கூட்ட மேடையில் மைக் ஏன் ஊளையிடுகிறது என்று விளக்கவே வேண்டாம். ஹியரிங் எய்டிலும் அதே லூப் கெயின் கணக்குதான், ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கு ஒரு சுற்று வரும்போது ஒலி எவ்வளவு பெருகுகிறது என்பது.

சரி, விசா. படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் செய்வதற்கான அனுமதியான சிபிடி பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான். படிப்புக்குப் பின் வேலை செய்வதற்கான அனுமதியான ஓபிடி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புக்கு மேலும் 24 மாதம். ஆனால் முதல் 12 மாத ஓபிடியில் வேலை இல்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்க முடியும். டிஎஸ்பி வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆள் எடுக்கவும் மெதுவாக எடுக்கிறார்கள், அந்த 90 நாள் மனதைப் போட்டு அழுத்தும். ஒரு நிறுவனம் வீட்டில் செய்து தரச் சொல்லிப் பெரிய வேலை கொடுத்து வாங்கிக்கொண்டு பதிலே போடவில்லை. ஒரு வாரம் உழைத்துக் கொடுக்கிற மாணவனுக்கு 'இல்லை' என்ற ஒரு வரியாவது எழுதலாம். ஆகவே பட்டம் வாங்கும் வரை காத்திருக்காமல் கடைசி செமஸ்டருக்கு முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

இப்போது நான் பார்ப்பது காரில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ அழைப்பு. ஜன்னலை இறக்கினால் எதிரொலி வரும் பாதையே மாறிவிடும், கூடவே காற்று மைக்கில் அடிக்கும், ஃபில்டர் எதை நம்புவது என்று தெரியாமல் திணறும். டீப் லேர்னிங் வந்த பிறகும் எங்கள் குழுவில் லீனியர் ஃபில்டரை முதலில் வைத்து, அது விட்டதை மட்டும் நியூரல் நெட்வொர்க்கிடம் கொடுக்கிறோம். எக்கோ பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் ஒலிப்பதிவோடு கேளுங்கள், கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.