சாஸ்திரிக்குப் பத்து நிமிடம்

ஏப்ரல் 5, 2025. டர்பன், தென்னாப்பிரிக்கா

தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடியதும் கோயில் செயலாளர் வந்து பிடித்துக்கொண்டார். 17ஆம் தேதி, அந்தக் காலத்தில் இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்த ஸ்ரீனிவாச சாஸ்திரியின் நினைவு நாள், நீங்கள்தான் பேச வேண்டும், பத்து நிமிடம் போதும் என்றார். மறுநாள் புனித வெள்ளி, இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிற நேரம், முந்தின நாள் மாலை யார் வருவார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். வருகிறவர்கள் வரட்டும் என்றார். சரி. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும், இங்கே பாதிப் பேருக்குத் தமிழ் தேவாரத்தோடு நின்றுவிடுகிறது. சாஸ்திரியே ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கியவர்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏப்ரல் 8

ராத்திரி உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். 1869இல் வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே வந்தார். தூதர் என்ற பட்டம்கூடக் கிடையாது. அடிமை நாட்டுக்கு ஏது தூதர்? காந்தி வற்புறுத்தியதால்தான் ஒப்புக்கொண்டார். ஒன்றரை வருடம்போல இருந்துவிட்டு, 1929 தொடக்கத்தில் ஊர் திரும்பினார்.

அவர் காப்பாற்ற வந்தது அதே 1927இல் இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகளுக்கிடையே ஏற்பட்ட கேப்டவுன் ஒப்பந்தத்தை. இந்தியர்களைத் தனிப் பகுதிகளில் ஒதுக்க வந்த மசோதாவைத் தென்னாப்பிரிக்க அரசு கைவிட்டது, இங்கேயே இருப்பவர்களின் படிப்பையும் வாழ்க்கையையும் உயர்த்துவதாகவும் சொன்னது. கூடவே இன்னொன்று: ஊருக்குப் போகச் சம்மதித்தால் பெரியவருக்கு 20 பவுண்டு, பிள்ளைக்கு 10, கப்பல் கட்டணமும் இலவசம். எந்த ஊருக்கு? இங்கே பிறந்து கரும்புக்காட்டில் வளர்ந்தவனுக்கு நாகப்பட்டினம் எந்த மூலை என்று தெரியுமா?

ஏப்ரல் 12

சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன், சாஸ்திரி காலேஜில் படித்தவர். சாஸ்திரி ஊர் ஊராகப் போய் நம்மவர்களிடம் வசூலித்த பணத்தில் எழும்பி 1929இல் திறந்த பள்ளி. ஆசிரியர் பயிற்சியும் அங்கேயே நடந்தது, வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு நடால் பல்கலைக்கழக வகுப்புகளும் பின்னாளில் அங்கேதான் நடந்தன. நிதியமைச்சராக இருந்த பிரவின் கோர்தன் அங்கே படித்தவர்.

பெரியவருக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பீரோவிலிருந்து பள்ளிச் சீருடைக் கோட்டை, அந்த பிளேசரை, எடுத்து வந்தார். அண்ணன் போட்டது, அண்ணன் முடித்ததும் இவருக்கு. வளர வளர அம்மா கையோரத்தைப் பிரித்துவிட்டிருக்கிறார், மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வெளுக்காமல் மணிக்கட்டைச் சுற்றிப் பட்டை போலத் தெரிகிறது. நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் ஒரே அறையில் எட்டுப் பேர், அப்பா நகராட்சியில் குப்பை அள்ளியவர். "எங்க தாத்தா அஞ்சு ஷில்லிங் குடுத்தார் தம்பி, அந்தக் கட்டடத்துக்கு." இதையே மூன்று முறை சொன்னார்.

ஏப்ரல் 15

செயலாளர் போனில் அழைத்தார். 20 பவுண்டு விஷயம் வேண்டாமாம், மரியாதை செய்யக் கூடுகிற இடத்தில் குறை எதற்கு என்கிறார். எனக்கு அது குறையாகவே படவில்லை. கையைக் கட்டிவிட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, அதில் "உயர்த்துவோம்" என்ற ஒரு வரியைப் பிடித்து ஒரு பள்ளிக்கூடத்தை வாங்கினாரே, அந்தச் சாமர்த்தியம் 20 பவுண்டைச் சொல்லாமல் எப்படிப் புரியும்? அதை எடுத்துவிட்டால் பிரசங்கி மட்டும்தான் மிஞ்சுவார். பிரசங்கிகளுக்கு நமக்கென்ன பஞ்சம்.

ஏப்ரல் 17

முப்பது பேர் வந்திருப்பார்கள், பாதிப் பேர் கோயில் அடுப்படியில் மறுநாள் வேலையில் இருந்தார்கள். 20 பவுண்டையும் சொன்னேன். செயலாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பெரியவர் எழுந்து, தாத்தாவின் தம்பி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு கப்பலேறினார், பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை என்றார். ஒரே வீட்டில் ஒருவர் பணம் வாங்கிப் போனார், ஒருவர் பணம் கொடுத்துவிட்டு இங்கேயே தங்கினார். அப்புறம் வடையும் டீயும். அடுத்த வருடம் பள்ளி வளாகத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று செயலாளரே கேட்டார், அனுமதிக் கடிதம் எழுதுகிற வேலையும் என் தலையில்தான்.