27 ஆண்டு நின்ற ஹொண்டா சி70: ஹட்டனில் செய்து பார்த்தது

வண்டி ஹொண்டா சி70. 72 சிசி, 6 வோல்ட், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கப் பொயின்ட் (திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய ரகம். விறகுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி 27 ஆண்டு நின்ற குடும்ப வண்டி. பெயின்ட் மங்கியதைத் தவிர வெளியே பெரிய பழுது தெரியவில்லை. அதை நம்பக் கூடாது. பனி மூடும் ஊரில் துரு டேங்கிக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் ஹப்புக்குள்ளும்தான் முதலில் பிடிக்கும்.

முதல் நாள் செய்யவே கூடாத வேலை, கிக் அடித்துப் பார்ப்பது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் மிதிக்கிற மிதியில் ரிங் உடையும். இல்லையென்றால் கிக்கர் ஷாஃப்டின் பல் போகும். பிளக்கைக் கழற்றி, டீசலும் ஓட்டோமெட்டிக் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து 20 மில்லிலீற்றர் ஊற்றினோம். இந்த எஞ்சினில் சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருக்கிறது. அப்படியே ஊற்றினால் கீழ்ச்சுவரில் மட்டும் தேங்கி, மேல்பாதி காய்ந்தே கிடக்கும். அதனால் முன் சில்லை உயரத் தூக்கி மரக்குற்றியில் வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். நாலாம் நாள் ஃப்ளைவீல் நட்டில் ஸ்பானர் போட்டு, இறுக்கும் திசையில் மெல்ல அசைத்தபோது ஒரு நூல் அளவு நகர்ந்தது. பிறகு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி முழுச் சுற்றுக்குக் கொண்டுவர இன்னும் ஒரு நாள்.

கொம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம், 85 பிஎஸ்ஐ. பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்த்தால் 120. ஒயிலுக்கு ஏறினால் குற்றம் ரிங்கில்; ஏறாவிட்டால் வால்வில். ஆகவே ஹெட்டைக் கழற்றினோம். புது ரிங்கைப் போடுவதற்கு முன் சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள வெட்டு) பார்க்க வேண்டும், 0.5 மி.மீ. தாண்டினால் புது ரிங் போட்டும் பயனில்லை, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி (போரிங்) 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போக வேண்டியதுதான். நமக்கு 0.3 வந்தது, தப்பித்தோம். ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே. மூன்று வாயும் 120 பாகை தள்ளித் தள்ளி.

ஹெட் நட் நாலில் ஒன்றுக்குத்தான் செப்பு வாஷர். ஒயில் மேலே ஏறும் வழி அதுதான். கழற்றும்போதே ஃபோட்டோ எடுத்து வைக்காமல் பிறகு மாற்றிப் போட்டால் ஒயில் கசியும். குறுக்காக, இரண்டு மூன்று தடவையில் 9 முதல் 12 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கினால் போதும். அலுமினியத்தில் பலத்தைக் காட்டினால் மரை கழன்று வந்துவிடும். டப்பெட் (வால்வுக்கும் அதை அமுக்கும் ரொக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி) 0.05 மி.மீ., எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஃப்ளைவீலில் உள்ள 'டி' கோடு நேராக நின்று இரண்டு ரொக்கரும் தளர்வாக இருக்கும் நிலையில்.

டேங்கிதான் அதிக நாள் தின்றது. சிட்ரிக் அசிட் தூள், லீற்றருக்கு 100 கிராம், சுடுநீரில் கரைத்து ஒரு நாள் ஊறவைத்தோம். உள்ளே போட்டுக் குலுக்க ஆணி, நட் எல்லாம் வேண்டாம். மூலைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு முழம் பழைய சைக்கிள் செயினில் கம்பி கட்டி விட்டால் குலுக்கி முடிந்ததும் இழுத்தெடுத்துவிடலாம். பிறகு சோடாத் தூள் கலந்த தண்ணீர், அடுத்து நல்ல தண்ணீர். இங்கேதான் ஒரு தடவை ஏமாந்தோம். கழுவி வெளியே காயவைத்த அரைமணிக்குள் பனி இறங்கி, பளபளத்த தகடு முழுக்க மறுபடி செம்மஞ்சள். திரும்ப முதலிலிருந்து. இரண்டாம் முறை ஹெயார் ட்ரையரை டேங்கி வாயிலேயே பிடித்துக் காயவைத்து, சூடு ஆறுமுன் டூ-டீ (டூ-ஸ்ட்ரோக்) ஒயில் விட்டுச் சுழற்றினோம்.

இந்த வண்டியில் பெற்றோல் டெப் கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கும். அதற்குள் நாலு ஓட்டையுள்ள சின்ன ரப்பர் ஒன்று உண்டு. 27 ஆண்டில் அது கல்லாகிவிடும். கார்புரேட்டரை எவ்வளவு துப்புரவாக்கினாலும் இதை மாற்றாவிட்டால் பெற்றோல் சொட்டும். ஜெட்டை (பெற்றோல் வரும் நுண் ஓட்டையுள்ள துண்டு) ஊசியால் குத்தாமல் தின்னரில் ஊறவைத்து ஊதுங்கள். ஓட்டை பெருத்தால் அந்த ஜெட் குப்பைக்கு.

ஜெட் பற்றி இன்னொன்று. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா ஏறத்தாழ 1,870. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஜெட்டில் பெற்றோல் கூடிவிடும். கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி மேலே வந்து கறுப்புப் புகை விடுவதற்குக் காரணம் இதுதான். மெயின் ஜெட்டை ஒரு படி சிறிதாக்கி, கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றினோம். காற்று ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று.

கரண்ட் வேலை லேசு. பொயின்ட் முகத்தை மெல்லிய சேண்ட் பேப்பரால் தேய்த்து, தின்னரில் துடைத்து, 0.35 மி.மீ. வைத்து, ஃப்ளைவீலின் 'எஃப்' கோட்டில் திறக்கிறதா என்று சிகரட் தாளைச் செருகிப் பார்த்தால் முடிந்தது. எலி கடித்த வயரைத் தேடுவதுதான் எரிச்சல். 6 வோல்ட் பல்ப் இங்கே கிடைக்கவில்லை, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது.

ஒயில் 0.8 லீற்றர். கிளட்ச் ஒயிலுக்குள்ளேயே ஓடுவதால் டப்பாவில் ஜாசோ எம்ஏ (அப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்ற ஒயில் தரக்குறி) என்று இருக்க வேண்டும். கார் ஒயில் ஊற்றினால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். வலது கவரைக் கழற்றி, ஒயில் சுழலும் சட்டியைத் திறந்து சுரண்டினால் தார் மாதிரி வரும். அதை விட்டுவிட்டு ஒயில் மட்டும் மாற்றுவது வீண்.

பிரேக் ஷூவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய ஷூவில் லைனிங் தடிப்பாகவே இருந்தது. நகத்தால் நெம்பியதும் முழுதாகக் கழன்று கையில் வந்தது. பசை செத்துப்போயிருந்தது. கினிகத்தேனை இறக்கத்தில் அது கழன்றிருந்தால்? பழைய தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். முன் சில்லைத் தாங்கும் கையின் புஷ்ஷையும் அப்போதே மாற்றியாயிற்று. ஆட்டம் அங்கேதான் இருந்தது.

எஞ்சின், சேசிஸ் இலக்கங்களின் மேல் பட்டிப் பசையோ பெயின்டோ படக் கூடாது. வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கும்போது தெளிவாகத் தெரிய வேண்டும்.

சோதனை ஓட்டம் தலவாக்கலையிலிருந்து நானுஓயா ஏற்றம். பாதி ஏற்றத்தில் முழு எக்ஸலேட்டரில் வைத்தே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறம். ஜெட் சரி. சைலன்சரிலிருந்து முதல் பத்து நிமிடம் துருத் தூள் கொட்டியது, பிறகு நின்றது.

இப்போது மிச்சம், இடது கவரின் அடியில் மணிக்கு ஒரு சொட்டு ஒயில். கியர் ஷாஃப்ட் சீல். வாங்கி வைத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும்.