14 வயதுப் பையனுக்கு எலும்புத் தேய்மானமாம்!

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளரும் பையனுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து, 'ஆஸ்டியோபோரோசிஸ்', அதாவது எலும்புத் தேய்மானம் என்று அச்சடித்த தாள் கையில் வந்தால் பதறாதீர்கள். அதில் வளர்ந்த ஆளோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் போட்டிருக்கிறார்களா, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். டி-ஸ்கோர் மட்டும் இருந்தால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரைத் தேடிப் போங்கள். இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் அத்தனை பேரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டோம்.

பையனுக்கு 14 முடிந்து சில மாதம் ஆகிறது. பள்ளியில் கபடி ஆடும்போது விழுந்து வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்தது. மாவுக்கட்டு போட்டு, பிரித்தும் ஆயிற்று. நடுவில் அம்மா மட்டும் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தார். முறிவு வளர்ச்சித் தட்டுக்கு, அதாவது எலும்பு நீளமாக வளரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எக்ஸ்ரே பார்த்துத்தான் நேராக்க வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொன்னதும் அடங்கிவிட்டார். கட்டுப் பிரித்த அன்றுதான் பேச்சுவாக்கில் பழைய கதை வந்தது. ஆறாம் வகுப்பில் இதே கை ஒருமுறை உடைந்திருந்தது. "ரெண்டாவது தடவையா? எதுக்கும் ரத்தமும் டெக்ஸாவும் பாத்துடலாம்" என்று டாக்டர் சீட்டு எழுதினார். டெக்ஸா என்பதுதான் அந்த எலும்பு அடர்த்தி ஸ்கேன்.

லேப் ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 14. அது குறைவுதான், அதில் வாக்குவாதம் இல்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் 412 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். இருக்க வேண்டிய அளவு 40 முதல் 129 வரை என்றிருந்தது. கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "ஸ்டார் போட்டிருந்தா அப்நார்மல் சார்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பரிசோதனை கல்லீரல் பட்டியலில் இருந்ததால் செய்தி வீட்டுக்கு 'பையனுக்கு ஈரலில் ஏதோ' என்று போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை சித்தப்பா ஒரு கட்டு கீழாநெல்லியோடு வாசலில் நிற்கிறார்.

பிறகு தெரிந்துகொண்டது இது. எலும்பைக் கட்டும் செல்களும் இந்த நொதியைச் சுரக்கின்றன. பருவ வயதில் கிடுகிடுவென்று வளரும் பையனுக்கு 400, ஏன் 500கூட இயல்புதான். 129 என்பது வளர்ந்து முடிந்த ஆளுக்கான எல்லை. கல்லீரல் பட்டியலில் மற்ற எண்களெல்லாம் சரியாக இருந்து இது மட்டும் ஏறியிருந்தால், பெரும்பாலும் எலும்பு வளர்கிறது என்றுதான் பொருளாம். வயதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் லேப், அந்த வயதுக்கான அளவைப் பக்கத்தில் அச்சடிக்காதது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, டெக்ஸாவுக்கு வருகிறேன். ஸ்கேன் வலிக்காது, ஊசி கிடையாது, சில நிமிட வேலை. பையனைப் படுக்க வைத்து இடுப்பு மூட்டும் முதுகுத்தண்டும் எடுத்தார்கள். முன்னால் இருந்தவர்களெல்லாம் என் அம்மா வயதுப் பெண்கள். மாலையில் கலர் படத்தோடு ரிப்போர்ட் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை, சிவப்புப் பட்டைக்குள் ஒரு புள்ளி. கீழே 'டி-ஸ்கோர் -2.9. ஆஸ்டியோபோரோசிஸ். எலும்பு முறியும் அபாயம் அதிகம்' என்ற வரி. மனைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து பையனைத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்க விடவில்லை. சைக்கிள் பூட்டிக் கிடந்தது. சொந்தத்தில் ஒருவர், "உங்கம்மா வாரம் ஒண்ணு போடுறாங்களே எலும்புத் தேய்மான மாத்திரை, அதையே கொடுத்துப் பாருங்க, ஒரே வியாதிதானே" என்று போனில் யோசனை சொன்னார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. அந்த மாத்திரையெல்லாம் பிள்ளைகளுக்குத் தனி நிபுணர் பார்த்து, தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் தருவது.

எலும்பு டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு இது சரியாப் படலை. பிள்ளைங்க ஹார்மோன் பாக்குறவர்கிட்ட காட்டிடுங்க" என்றார். அதை அவர் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்து விசாரித்த இடங்களில் பெரியவர்களுக்குச் சர்க்கரை பார்க்கும் ஹார்மோன் டாக்டர்கள்தான் கிடைத்தார்கள். குழந்தைகளுக்கென்று வேண்டுமானால் மதுரை. ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், டாக்டர் வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும்தான் வருவாராம். போன் செய்தபோது இதைச் சொல்லவில்லையே என்றால், "நீங்க டைம்தான் கேட்டீங்க, நாள் கேக்கலையே" என்கிறார் வரவேற்பறைத் தம்பி. நாளையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மதுரை டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்ததும் பேனாவால் டி-ஸ்கோர் வரியைக் குறுக்கே அடித்தார். "இது 14 வயசுப் பையனை வளர்ந்து முடிஞ்ச வாலிபனோட ஒப்பிட்ட கணக்கு. இவனுக்கு எலும்பு இன்னும் சேர்ந்துக்கிட்டு இருக்கு. குறைவாத்தான் வரும்." பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியது அதே வயது, அதே பாலினத்தாரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர். அதிலும் உயரம் குறைவான பையன் என்றால் உயரத்துக்கேற்பத் திருத்த வேண்டும். ஏனென்றால் இந்த மெஷின் எலும்பின் தடிமனை அளக்காமல் பரப்பை மட்டும் வைத்து அடர்த்தி சொல்கிறது, சின்ன எலும்பு உண்மையைவிட அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். மெஷின் தந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டார். வயதுக்கு -1.3. உயரத்துக்குத் திருத்தினால் -0.5. இரண்டுமே பயப்படத் தேவையில்லாத எண்கள்.

அப்புறம் சொன்னதுதான் எனக்கு எரிச்சலைக் கூட்டியது. ஸ்கேன் எண்ணை மட்டும் வைத்து பிள்ளைகளுக்கு ஆஸ்டியோபோரோசிஸ் என்று சொல்லவே கூடாதாம். ஐஎஸ்சிடி என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி, இசட்-ஸ்கோர் -2 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், கூடவே 10 வயதுக்குள் நீள எலும்பு இரண்டு முறையாவது, அல்லது 19 வயதுக்குள் மூன்று முறையாவது முறிந்திருக்க வேண்டும். பெரிய அடி எதுவும் படாமல் முதுகெலும்பு நசுங்கியிருந்தால் அது தனிக் கணக்கு. இன்னொன்று, இந்த வயதில் எடுக்க வேண்டியது கீழ் முதுகும், தலை நீங்கலாக முழு உடம்பும். இடுப்பு மூட்டு இந்த வயதுக்கு ஏற்ற இடமே இல்லை. நாங்கள் காசு கொடுத்து எடுத்ததில் பாதி அந்த இடுப்பு.

அடுத்து எலும்பு வயது எக்ஸ்ரே, அதாவது எலும்பு எந்த வயதுக்குரிய அளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. இடது கை, மணிக்கட்டு தெரிய உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை விரித்து எடுக்க வேண்டும். சீட்டிலும் இடது என்றுதான் இருந்தது. உள்ளே போன பையனின் வலது கையில் தழும்பைப் பார்த்த டெக்னீஷியன், "உடைஞ்ச கை இதானே" என்று அதையே எடுத்து அனுப்பிவிட்டார். அவனும் வாய் திறக்கவில்லை. திரும்ப வரிசை, திரும்பப் பணம். பிள்ளையோடு கூடவே எக்ஸ்ரே அறை வாசல் வரை போய்க் 'இடது கை' என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் மேஜையில் கிரூலிச்-பைல் அட்லஸ் இருந்தது. 1950களில் வந்த அமெரிக்கப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு கை எக்ஸ்ரே. எங்கள் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். விரல் எலும்புகளின் முனையில் தொப்பிக்கும் தண்டுக்கும் நடுவே கருப்புக் கோடு, அதாவது அந்த வளர்ச்சித் தட்டு, இன்னும் திறந்திருந்தது. கட்டைவிரல் அடியில் கடுகளவு ஒரு எலும்பு புதிதாக முளைத்திருப்பதை பேனா முனையால் காட்டினார். வேகமாக வளரும் காலம் தொடங்குவதையொட்டி அது தெரிய ஆரம்பிக்குமாம். எலும்பு வயது 13. நிஜ வயதைவிட ஒன்றரை வருடம் பின்தங்கல்.

"நீங்க எப்ப ஷேவ் பண்ண ஆரம்பிச்சீங்க?" என்று திடீரென்று என்னிடம் திரும்பினார். காலேஜ் இரண்டாம் வருடம் என்றேன். சிரித்தார். அப்பாவுக்குப் பருவம் தாமதம் என்றால் பிள்ளைக்கும் அப்படி வரலாம் என்பதால் கேட்டாராம். அதன் பிறகு பையனை உடல் பரிசோதனைக்குத் திரை மறைவுக்கு அழைத்தார். கையில் முட்டை வடிவ மணிகள் கோத்த ஒரு மாலை, சிறிதிலிருந்து பெரிது வரை 12 மணிகள். விரையின் அளவை அதோடு ஒப்பிட்டுத்தான் பருவம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 4 மில்லி வந்தால் தொடக்கம். பையன் என்னைப் பார்த்து, "அப்பா, நீ வெளியே இரு" என்றான். இருந்தேன். இந்தப் பரிசோதனை நடக்கும் என்று பையனிடம் வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போவது நல்லது. அங்கே போய்த் தெரிந்துகொண்ட அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

10 மில்லி. அதாவது வளர்ச்சி இப்போதுதான் வேகம் பிடிக்கிறது. ஜூனில் வாங்கிய பேன்ட் தீபாவளிக்குக் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்ததற்கு அதுதான் காரணம். கை உடைந்ததற்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உயரம் முதலில் ஓடுகிறது, சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் தாமதித்துத்தான் பின்னால் போய்ச் சேர்கிறது. கனடாவின் சஸ்காச்சவானில் பிள்ளைகளை வருடக்கணக்கில் அளந்து பார்த்ததில் அந்த இடைவெளி அரை வருடத்துக்கு மேல் வந்திருக்கிறது. பையன்களுக்கு முன்கை முறிவு 13, 14 வயதில் உச்சத்தில் இருப்பதும் இதனால்தான். பெரியவனான பிறகு இருக்கப்போகும் எலும்புச் சத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்த இரண்டு வருடத்தில் சேருகிறது. ஆகவே விளையாட்டை நிறுத்தாதீர்கள் என்றார். குதிப்பதும் ஓடுவதும்தான் எலும்பைக் கெட்டிப்படுத்தும். சைக்கிளும் நீச்சலும் உடம்புக்கு நல்லது, ஆனால் எலும்புக்கு அந்த அளவு வேலை கொடுக்காது. நாங்களோ பையனைச் சோபாவில் உட்கார வைத்திருந்தோம்.

உயரம் கூட ஊசி போடலாமா என்று மனைவி கேட்டார். தேவையில்லை என்றதோடு ஒரு எச்சரிக்கையும் வந்தது. ஜிம்மில் கொடுக்கும் ஆண் ஹார்மோன் சமாச்சாரம் எதையும் இந்த வயதில் தொடக் கூடாது. ஆண் உடம்பிலும் அந்த ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் அந்தக் கருப்புக் கோட்டை மூடுகிறது. சீக்கிரம் மூடிவிட்டால் உயரம் அதோடு நின்றுவிடும்.

மருந்து என்று தந்தது வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு. இங்கே கவனியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கவர் மேல் '1-0-0' என்று எழுதிக் கொடுத்தார்கள், தினமும் காலை ஒன்று என்ற அர்த்தத்தில். மனைவி சீட்டோடு ஒப்பிட்டதால் பிழைத்தோம். தினமும் போட்டிருந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகக் கோளாறு வரை போகும். கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் காட்டினேன். அடித்து 'வாரம் 1' என்று எழுதினார், அவ்வளவுதான்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 கணக்குப்படி 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு பெரிய டம்ளர் பாலில் 300 வருகிறது, 100 கிராம் கேழ்வரகில் 350 பக்கம். பால் பிடிக்காத பிள்ளைக்குத் தயிர். அம்மா தினமும் பிரண்டைத் துவையல் அரைக்கிறார், கை அரிக்கிறது என்று புலம்பிக்கொண்டே. தடுக்கவில்லை. சித்தப்பாவின் கீழாநெல்லி மட்டும் கொல்லையில் காய்ந்துவிட்டது.

ஸ்கேன் சென்டர் கதை மிச்சம் இருக்கிறது. பிள்ளை பெயரில் ஆஸ்டியோபோரோசிஸ் என்ற தாள் இருந்தால் நாளைக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது தலைவலி என்பதால் ரிப்போர்ட்டைத் திருத்தக் கேட்டேன். "மெஷின் போட்டது சார், நாங்க மாத்த முடியாது" என்றார்கள். மதுரை டாக்டரிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்கி, கையெழுத்துப் போடும் ரேடியாலஜி டாக்டர் மாலையில்தான் வருவார் என்று தெரிந்துகொண்டு, மாலையில் போய் நேரில் நின்ற பிறகுதான் நடந்தது. பையனின் பிறந்த தேதியை முழுதாகப் போட்டு, இசட்-ஸ்கோரோடு புதுத் தாள் வந்தது. 'வயதுக்கு எதிர்பார்க்கும் அளவுக்குள்' என்று ஒரே வரி. பழைய தாளைத் திருப்பிக் கேட்டார்கள், தரவில்லை. இடுப்புக்கு வாங்கிய பணத்தைக் கேட்டேன். "எடுத்தது எடுத்ததுதானே சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார் கவுன்டரில் இருந்தவர்.