வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் பொங்கல் நாளான திங்கட்கிழமை மட்டும் போய்த் திரும்புகிறவர்கள் வைகாசிப் பொங்கலின் பாதியைத்தான் காண்கிறார்கள். முந்திய திங்கட்கிழமையே சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அங்கே ஏழு நாளும் அந்த உப்புநீரில்தான் விளக்கு எரியும் என்பது ஐதீகம். ஞாயிறு விநாயகருக்குப் பொங்கல். பிறகு மடைப்பண்டம், அதாவது அம்மனுக்குப் படைக்கும் பொருட்கள், வற்றாப்பளைக்குப் புறப்படும். விளக்கைக் கும்பிட்டுவிட்டு மடைப்பண்டத்தின் பின்னால் நடந்து போனால்தான் மனம் நிறையும்.

மாங்குளம் பக்கமிருந்து வருகிறவர்கள் வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் தரிசிக்கலாம். அந்தப் பக்கத்து வயல்களுக்கு உயிர் பேராறு. மலையில் பிறந்த ஆறல்ல. மாரியில் பெருகி, முத்தையன்கட்டுக் குளத்தில் தேங்கி, கடைசியில் நந்திக்கடல் என்ற களப்பில் விழும். அந்த நந்திக்கடலோரம்தான் அம்மன் இருக்கிறாள். மாசி, பங்குனியில் அறுத்த காலபோக (மாரிமழையில் விளைந்த) நெல்தான் வைகாசியில் அவளுடைய பானைக்கு வரும்.

நேர்த்திக்குப் பொங்குகிறவர்கள் புது மண்பானையை முதல்நாளே தண்ணீரில் ஊறவிடுங்கள். காய்ந்த பானையை எடுத்த எடுப்பில் பெருநெருப்பில் ஏற்றினால் வெடிக்கும். இரண்டு சுண்டு (அரிசி அளக்கும் பேணி) பச்சையரிசிக்கு அரைச் சுண்டு வறுத்த பயறு, ஒரு தேங்காயின் பால், அரைக் கிலோ சர்க்கரை போதும். பால் பொங்கி வழிந்த பிறகே அரிசி போட வேண்டும். ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் சர்க்கரையைத் தொடாதீர்கள். சர்க்கரை விழுந்தபின் அரிசி வேகாது, எவ்வளவு விறகு வைத்தாலும்.

வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும். அடுப்பு வாயைக் காற்றுக்கு நேரே வைத்தால் சுவாலை பின்பக்கம் சாய்ந்து, அங்கே அடிப்பிடிக்கும். முன்பக்கம் அரிசி அரைவேக்காட்டில் நிற்கும். வாயைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி, மூன்று கல்லையும் மணலில் கொஞ்சம் புதைத்து வைத்தால் பானை ஆடாது. பொங்கல் இரவிரவாக நடக்கும். விறகும் குடிதண்ணீரும் விடியும்வரை போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப்பிள்ளைகளை அடுப்பு வரிசைக்குள் விடாதீர்கள்.

2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், எத்தனையோ உயிர்கள் போனதும் இந்த நந்திக்கடலை அண்டித்தான். அம்மனைக் கும்பிட்டபின் அந்தக் கரையில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நில்லுங்கள். கழுவின பானைத் தண்ணீரையும் எச்சில் இலையையும் அங்கே கொட்ட வேண்டாம்.