மலையில் ஓடும் டர்போ காருக்குக் கெட்டி ஆயில் வேண்டாம்

"மலையில ஓடுற வண்டி சார், கொஞ்சம் கெட்டி ஆயிலா போட்டுக்கலாம்." நீலகிரியில் கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பீர்கள். பழைய ஜீப், அம்பாசிடர் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இன்றைக்குக் குன்னூரில் தெருவுக்குத் தெரு நிற்கும் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்களுக்கு இது சரிப்படாது, வண்டியைக் கெடுக்கும் யோசனை என்றே சொல்வேன்.

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சின்ன விசிறி, அதற்குள் இருக்கும் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல்கூடப் போகும். பெரும்பாலான டர்போக்களில் அது மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்தபடிதான் சுற்றுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறுகிறோம், மேலே போகப் போகக் காற்று மெலிந்து ஊட்டியில் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத வண்டிக்கு அங்கே இழுவை குறைவது நமக்கே தெரியும். டர்போ வண்டியில் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. அந்த வேலைக்கு ஆயில் உடனே போய்ச் சேரணும். ஜனவரி காலையில், புல்லில் உறைபனி கிடக்கும்போது, கெட்டி ஆயில் மேலே ஏற நேரம் எடுக்கும். நம் ஊர் வீடுகளோ வாசலிலிருந்து ரோட்டுக்கே செங்குத்தாக ஏறவேண்டிய வீடுகள், ஸ்டார்ட் பண்ணின உடனேயே இன்ஜினுக்கு முழு பாரம்.

அதனால் கேனில் பார்க்கவேண்டியது பிராண்டை இல்லை. 5டபிள்யூ-30 என்றால் முதல் எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது, அடுத்தது சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. உங்கள் வண்டியின் மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருந்தால் அதுதான், 5டபிள்யூ-40 என்றால் அதுதான். கூடவே தரக் குறியீட்டையும் பாருங்கள். டர்போ பெட்ரோலுக்கு கேனில் ஏபிஐ எஸ்பி (API SP) என்று இருக்கணும், 2020-இல் வந்த தரம் அது. குறைந்த ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, அதிக பாரம் கொடுக்கும்போது ஸ்பார்க் அடிக்கும் முன்பே பெட்ரோல் எரிந்து பிஸ்டனையே உடைக்கக்கூடிய கோளாறு இந்தச் சின்ன இன்ஜின்களில் உண்டு, ஆயில் அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை இந்தத் தரத்தில் இருக்கிறது. ஆனால் ஆயில் மட்டும் காப்பாற்றாது. பர்லியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே, 1,300 ஆர்பிஎம்மில், ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்து ஏற்றுகிறார்களே, பார்க்கவே பதறுகிறது. செகண்டுக்கு வாங்க, இன்ஜின் சத்தம் போட்டால் போடட்டும்.

ஏறி முடித்ததும் வியூ பாயிண்டில் நிறுத்தினால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். பழுக்கச் சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் நின்றால் உள்ளேயே கருகிக் கரியாகப் படியும். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்தால், அல்லது இறக்கத்தில் வந்து நிறுத்தினால், காத்திருக்க வேண்டாம், வழியிலேயே ஆறியிருக்கும்.

அப்புறம் ஆயில் மாற்றும் கெடு. மேனுவலில் 10,000 கிலோமீட்டர் என்று பார்த்ததோடு மூடிவைத்துவிடாமல், கடுமையான பயன்பாடு என்று தனியாக ஒரு பகுதி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். மலை ஏற்றம், குளிரில் குட்டிக் குட்டிப் பயணம் எல்லாம் அதில் வரும், நமக்கு இரண்டுமே தினசரி. மார்க்கெட், ஸ்கூல் என்று மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் வெளுத்த மஞ்சளில் மோர் மாதிரி ஒட்டியிருக்கும். இன்ஜின் முழுசாகச் சூடேறாததால் ஆவியாகாமல் தங்கிய ஈரம் அது. ஒரு நாள் கோத்தகிரி வரை நன்றாக ஓட்டிவிட்டு வந்தால் பெரும்பாலும் போய்விடும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் உடனே மெக்கானிக்கிடம் காட்டணும். என்னைக் கேட்டால் இங்கே 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது.

ஆயில் அளவு பார்க்கச் சமதரை வேண்டும், நம் ஊரில் கஷ்டம்தான். சரிவில் பார்த்தால் அளவுக் கம்பி பொய் சொல்லும், பெட்ரோல் பங்க்கில் பார்ப்பதே நல்லது. டீசல்காரர்கள், முக்கியமாக டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள பிஎஸ்6 வண்டிக்காரர்கள், மேனுவல் சொல்லும் சாம்பல் குறைந்த ஆயிலைத்தான் போடணும். ஆயில் அளவு குறைகிறதா என்று மட்டும் பார்க்காமல் ஏறுகிறதா என்றும் பாருங்கள். டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்ய முயன்று, பயணம் சின்னதாக இருப்பதால் பாதியில் நின்றுபோனால், ஆயிலில் டீசல் கலந்து அளவு கூடும். கம்பியில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.